வெள்ளிக்கிழமை மேசை

என் கணவர் யூதர். நான் மதுரையில் பிறந்த இந்து. இருப்பது பாஸ்டனில். மதம் மாறச் சொல்லி அவரும் கேட்டதில்லை, அவர் வீட்டாரும் கேட்டதில்லை. ஆனாலும் யூத வாழ்க்கை என்றால் என்ன என்று சேர்ந்தே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டோம். அவருக்கும் அது தேவையாக இருந்தது. 13 வயதில் பார் மிட்ஸ்வா சடங்கில் யூத வேதமான தோராவை வாசித்தவர், அதற்குப் பிறகு ஜெப ஆலயத்துக்கு அதிகம் போகவில்லை. நான் ஒன்று கேட்பேன். அவருக்குப் பதில் தெரியாது. உடனே தன் அம்மாவுக்குப் போன் போடுவார்.

தொடங்கியது யூதர்களின் வார ஓய்வுநாளான ஷபாத்தில்தான். வெள்ளிக்கிழமை சூரியன் மறைய 18 நிமிடம் இருக்கும்போதே மெழுகுவத்தி ஏற்றுவது வழக்கம். டிசம்பர் மாத பாஸ்டனில் இதற்கு நாலு மணிக்கு முன்பே வீட்டில் இருந்தாக வேண்டும். ஏற்றியதும் கண்ணைக் கைகளால் மூடிக்கொண்டு துதி சொல்கிறார்கள். ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன். துதி சொல்லிவிட்டால் ஷபாத் பிறந்துவிடும், அதன்பின் நெருப்பு மூட்டக் கூடாது. அதனால் முதலில் ஏற்றி, கண்மூடித் துதித்து, பிறகு திறந்து அந்த ஒளியை அனுபவிக்கிறார்கள். ஊரில் அம்மாவிடம் சொன்னபோது, "நம்ம வெள்ளிக்கிழமை விளக்கு மாதிரிதானே?" என்றாள். இல்லை அம்மா. நாம் விளக்கையே லட்சுமியாகக் கும்பிடுகிறோம். அவர்கள் சுடரை வணங்குவதில்லை, வேலையை நிறுத்தும் ஒரு நாளை வரவேற்கிறார்கள். எல்லாம் ஒன்றுதான் என்று சொல்லிவிட்டால் இரண்டையுமே சரியாகப் பார்க்காமல் போய்விடுவோம்.

இறைவன் தங்களுக்கு இட்ட கட்டளைப்படி ஏற்றுவதாக அந்தத் துதியில் வரும். எனக்கு அந்தக் கட்டளை இல்லை. ஆகவே எங்கள் வீட்டில் ஏற்றுவது நான், சொல்வது அவர்.

பெஸாக் பண்டிகைதான் எனக்குக் கடினம். எட்டு நாள் புளித்த மாவுப் பண்டம் கூடாது. மட்ஸா என்னும் புளிக்காத ரொட்டிதான். அதோடு, கிழக்கு ஐரோப்பா வழிவந்த அஷ்கெனாசி யூதர்கள் அரிசி, பருப்பையும் தள்ளிவைப்பார்கள். 2015 இறுதியில் அமெரிக்கக் கன்சர்வேடிவ் பிரிவின் மதகுருக்களான ரபிகள் இவற்றைச் சாப்பிடலாம் என்று அனுமதித்தார்கள். கணவரின் பாட்டி அதை ஏற்கவில்லை. அவர் வீட்டில் நானும் சோறு தேடுவதில்லை. எங்கள் வீட்டில் அந்த வாரமும் பருப்பு வேகும்.

மனதை அழுத்துவது பிள்ளை விஷயம். யூத மரபுச் சட்டத்தில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை யூதர். தந்தை மட்டும் யூதராக இருந்து, பிள்ளை யூதராக வளர்க்கப்பட்டாலும் போதும் என்று 1983இல் அமெரிக்காவின் ரிஃபார்ம் பிரிவு அறிவித்தது. ஆக, நாளைக்கு எனக்குப் பிறக்கும் குழந்தை ஒரு தெருவின் ஜெப ஆலயத்தில் யூதர், அடுத்த தெருவில் இல்லை. இதை நினைத்து நான் அழுதிருக்கிறேன். எங்களைப் போன்றவர்கள் குறைவும் இல்லை: ப்யூ நிறுவனத்தின் 2020 ஆய்வின்படி, 2010க்குப் பின் மணம்செய்த அமெரிக்க யூதர்களில் 61 விழுக்காட்டினரின் துணை யூதரல்லாதவர்.

ஷபாத் இரவில் பெற்றோர் மகன்களை எப்பிராயீம், மனாசே போல ஆகும்படி வாழ்த்துவார்கள். அந்த இருவரும் யார் என்று தேடினோம். தோராவின் ஆதியாகமத்தின்படி யோசேப்புக்கும் எகிப்தியப் பூசாரியின் மகள் ஆஸ்நாத்துக்கும் பிறந்தவர்கள். இத்தனை தலைமுறையாக வாரந்தோறும் சொல்லப்படும் வாழ்த்தில் ஒரு வேற்றினத்தாளின் பிள்ளைகள் இருக்கிறார்கள். கணவருக்கு இது தெரியாது. அன்று எங்கள் இருவருக்கும் பேச்சு நெடுநேரம் ஓயவில்லை.

உங்கள் குடும்பத்திலும் இப்படி ஒரு ஜோடி இருக்கலாம். எந்த மதமானாலும் சரி, பிள்ளையை எப்படி வளர்ப்பீர்கள் என்று கேட்பதற்கு முன் அவர்களை ஒரு வேளை சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள்.