வீரனின் கை நடுங்கலாமா?

போன மாசம் நண்பர் ஒருத்தர் தான் எழுதின சரித்திரக் குறுநாவலைப் படிச்சுப் பார்க்கச் சொல்லி அனுப்பியிருந்தார். நல்லாத்தான் எழுதியிருக்கார். கோட்டை, அகழி, சுரங்கப்பாதை, நடுராத்திரியில ஆந்தை அலறல்னு எல்லா அயிட்டமும் இருக்கு. ஆனா போர் ஆரம்பிச்சதும் ஹீரோ கல்லாயிட்டான். எதிர்ல முன்னூறு பேர் வாளோட ஓடி வர்றாங்க. 'அவன் கண்களில் அச்சத்தின் சாயல் துளியும் இல்லை'. பதினெட்டு வயசுப் பையன், முதல் சண்டை, துளியும் இல்லையாம்! தோள்ல அம்பு தைக்குது, புன்னகைக்கிறான். அதுவரைக்கும் என்கூட நடந்து வந்த பையன் அந்த இடத்துல காணாமப் போயிட்டான். அவனோட சிலைதான் மீதிச் சண்டையைப் போட்டுச்சு.

நண்பரைக் குத்தம் சொல்ல முடியாது. நம்ம ஊர்ல பயம்ங்கிறது எப்பவுமே எதிரி நாட்டுச் சரக்கு. கலிங்கத்துப்பரணியை எடுத்துக்குங்க. தோத்து ஓடுறவங்களை ஜெயங்கொண்டார் எவ்வளவு ரசிச்சு எழுதியிருக்கார்! ஒரு கூட்டம் வில் நாணை மடிச்சுப் பூணூலாப் போட்டுக்கிட்டு, கங்கையில நீராட வந்தவங்கன்னு சொல்லித் தப்பிக்குது. இன்னொரு கூட்டம் ரத்தம் தோய்ஞ்ச கொடித்துணியைச் சுத்திக்கிட்டு, தலையை மழிச்சு, நாங்க சாக்கியத் துறவிங்கங்குது. அத்தனை பேரும் கலிங்கத்துக்காரங்க. சோழப் படையில ஒருத்தனுக்குக்கூட நாக்கு உலரலை.

ஆனா உடம்பு கட்சி பார்க்கிறதில்லையே. ஆபத்துன்னு தெரிஞ்ச அடுத்த நொடி அட்ரினலின் பாயுது, இதயம் தறிகெட்டு அடிக்குது. தோல்ல இருந்தும் வயித்துல இருந்தும் ரத்தம் கை கால் தசைக்குத் திரும்புது. அதனால முகம் வெளுக்குது, வயிறு கலங்குது. எச்சில் வத்தி நாக்கு அண்ணத்துல ஒட்டிக்குது. ஓடவும் அடிக்கவும் உடம்பு தயார். ஆனா முடிச்சு அவிழ்க்கிறது, பொத்தான் போடுறது மாதிரி நுணுக்கமான வேலைக்கு விரல் ஒத்துழைக்காது. பார்வை ஒரு குழாய் மாதிரிச் சுருங்கிடும். காதுக்குப் பக்கத்துல வெடிக்கிற துப்பாக்கிச் சத்தமே பலருக்குக் கேட்காமப் போகும். ஒரு நொடி ஒரு நிமிஷமா நீளும். நாம என்னடான்னா செக்கச் சிவந்த வானம், வட்டமிடும் கழுகு, தூரத்துல யானைகளின் பிளிறல்னு களத்தையே ஹெலிகாப்டர்ல இருந்து வர்ணிக்கிறோம். உள்ளே நிக்கிறவனுக்கு எதிராளியோட வாள் நுனி மட்டும்தான் தெரியும். அவன் மூஞ்சிகூடத் தெரியாது.

இதுக்கு நான் அடிக்கடி நினைச்சுக்கிற உதாரணம் கெட்டிஸ்பர்க். 1863 ஜூலையில அமெரிக்க உள்நாட்டுப் போர்ல மூணு நாள் நடந்த சண்டை. முடிஞ்சப்புறம் களத்துல கிடந்த துப்பாக்கிகளைப் பொறுக்கி எண்ணினாங்க. சுமார் 27,500. அதுல 24,000 கிட்ட குண்டு போட்டு, சுடாமக் கிடந்துச்சு. சுமார் 12,000 துப்பாக்கிகள்ல ரெண்டு ரெண்டு குண்டு. இன்னொரு 6,000-ல மூணுல இருந்து பத்து வரைக்கும். ஒரே ஒரு துப்பாக்கியில 23!

அந்தக் காலத்துத் துப்பாக்கிக்குக் குழல் வாய் வழியா மருந்தும் குண்டும் போட்டு, கம்பியால இடிச்சு, பின்னாடி ஒரு சின்ன கேப்பு மாட்டிச் சுடணும். கேப்பை மாட்ட மறந்தாலோ, அது வெடிக்கலைன்னாலோ குண்டு உள்ளேயே நிக்கும். சுத்தி ஆயிரக்கணக்குல வெடிக்கிறப்ப தன்னோடது வெடிக்கலைங்கிறதே தெரியாது. பயிற்சியில பழகின கை மறுபடி மருந்து போடுது, குண்டு போடுது, இடிக்குது. கொல்ல மனசு வராம, சுடுற மாதிரி பாவ்லா காட்டினாங்கன்னு சொல்றவங்களும் உண்டு. சிலபேர் அப்படியும் இருந்திருக்கலாம். என் ஓட்டு அந்தப் பாட்டுக்கு வேலை செஞ்ச கைக்குத்தான். அந்த 23 குண்டுக்காரனைப் பத்திக் கதை எழுதினா 'அவன் பயந்தான்'னு ஒரு இடத்துலயும் எழுத வேண்டாம். இடிக்கிற கம்பி ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா வெளியே நீட்டிக்கிட்டு நிக்கிறதை எழுதினாப் போதும்.

ரெண்டாம் உலகப் போர்ல அமெரிக்க ராணுவம் தன் வீரர்கள்கிட்டயே நேராக் கேட்டுச்சு. 1949-ல வந்த 'தி அமெரிக்கன் சோல்ஜர்' புத்தகத்துல அந்தக் கணக்கு இருக்கு. ஒரு டிவிஷன்ல பத்துக்கு எட்டு பேருக்கு மேல நெஞ்சு படபடன்னு அடிச்சதாச் சொன்னாங்க. ஐஞ்சுல ஒருத்தர் கால்சட்டையிலேயே வெளிக்குப் போயிட்டதா ஒத்துக்கிட்டாங்க. ஓடிப் போனவங்க இல்லை சார், நின்னு சண்டை போட்டவங்க.

எங்க தெருவுல ஒரு மிலிட்டரி மாமா இருந்தார். 1971 டிசம்பர்ல கிழக்கு எல்லையில சண்டை போட்டவர். சின்ன வயசுல நாங்க கேட்ட ஒரே கேள்வி, எத்தனை பேரைச் சுட்டீங்க மாமா? சிரிச்சுக்கிட்டே கேன்டீன் பிஸ்கட் எடுத்துக் குடுப்பார். 2011-ல ஒரு நாள், எல்லாரும் பேசிட்டு எழுந்து போனப்புறம் அவராவே ஆரம்பிச்சார்.

"சண்டையப்ப ஒண்ணும் இல்ல தம்பி. எல்லாம் அடங்கின பொறவு ஒருத்தன் டீ கொண்டாந்து குடுத்தான். மக்கைப் புடிக்க முடியல. ரெண்டு கையாலயும் புடிச்சேன், அப்பவும் பூட்ஸ் மேலதான் கொட்டுது. பக்கத்துல இருந்தவன் பாத்துச் சிரிச்சான். நானும் சிரிச்சேன். நிறுத்த முடியல தம்பி. வயிறு வலிக்குது, கண்ணுல தண்ணி வருது, நிக்கல."

நிமிர்ந்து பார்த்தா அத்தை வாசப்படியில கரண்டியோட நிக்கிறாங்க. நாப்பது வருஷத்துல அவங்க இதைக் கேட்கிறது அதுதான் முதல் தடவையாம். "இத ஏன் என்கிட்ட சொல்லல?"ன்னாங்க. மாமா பதில் சொல்லலை. "குழம்பு தீயுது பாரு"ன்னார்.

நாப்பது வருஷமா அவர் வாயைக் கட்டிப் போட்டதுல எங்க கேள்விக்கும் பங்கு உண்டு. நாங்க படிச்ச, பார்த்த கதைகளுக்கும் உண்டு. டீ மக்கைப் புடிக்க முடியாதவனுக்கு அந்தக் கதைகள்ல இடமே இல்லையே! வேற இடங்கள்ல இது இன்னும் கொடூரமா முடிஞ்சிருக்கு. முதல் உலகப் போர்ல படையை விட்டு ஓடினது, கோழைத்தனம் மாதிரியான குற்றங்களுக்காகச் சுட்டுக் கொல்லப்பட்ட 306 பேருக்கு பிரிட்டன் 2006-லதான் மன்னிப்புக் குடுத்துச்சு. 1943 ஆகஸ்ட்ல சிசிலியில ஆஸ்பத்திரியைப் பார்க்கப் போன ஜெனரல் பாட்டன், உடம்புல காயமில்லாம உட்கார்ந்திருந்தவனை கோழைன்னு திட்டிக் கன்னத்துல அறைஞ்சார். ஒரே வாரத்துக்குள்ள இன்னொருத்தனையும். முதல்ல அடி வாங்கினவனுக்கு மலேரியாக் காய்ச்சல்!

நண்பருக்கு இவ்வளவும் எழுதலை. உத்தரகுமாரனை மட்டும் ஞாபகப்படுத்தினேன். விராட நாட்டு இளவரசன். அந்தப்புரத்துல வீரம் பேசிட்டு, கௌரவர் படையைப் பார்த்ததும் தேர்ல இருந்து குதிச்சு ஓடினவன். அர்ஜுனன் துரத்திப் பிடிச்சுக் கூட்டிட்டு வந்தான். இன்னிக்கும் வாய்ச்சொல் வீரனுக்கு நாம வைக்கிற பேரு அவனோடதுதான். ஆனா அன்னிக்கே, அதே படைக்கு முன்னாடி, அர்ஜுனனுக்குத் தேரோட்டினதும் அவன்தான். அப்புறம் குருக்ஷேத்திரத்துல முதல் நாளே யானை மேல வந்து சல்லியனோட மோதிச் செத்துப் போனான். அந்த யானையோட அங்குசத்தை அவன் எப்படிப் பிடிச்சிருந்தான்னு எழுதிப் பாருங்களேன்னேன்.

ஒரு வாரமாச்சு, பதில் இல்லை. எழுதிட்டு இருக்கார்னு நினைக்கிறேன்.