நைனிதால் ஏரிக்கரையில் ஒரு வனாந்தரக் கோயில்

உத்தராகண்டின் நைனிதாலுக்குக் கோடையில் வருபவர்கள் முதலில் தேடுவது படகுத்துறையைத்தான். ஏரியின் வடகோடியில், மல்லிதால் பகுதியைத் தாண்டி உயர் நீதிமன்றத்துக்கு அருகே தேவதாரு மரங்களுக்கு நடுவில் நிற்கும் சிறிய கல் தேவாலயம் வரை போகிறவர்கள் குறைவு. ஊரின் வரலாற்றில் பாதி அங்கேதான் இருக்கிறது.

ஷாஜகான்பூரில் சர்க்கரை வணிகம் செய்த பேரன் என்ற ஆங்கிலேயர் 1841-இல் இந்த ஏரிக்கு வந்தார். இதன் அழகைப் பத்திரிகைகளில் எழுதி, தானும் ஒரு வீடு கட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1844-இல், கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் இங்கு வந்து தேவாலயத்துக்கு இடம் தேர்ந்தார். வந்த இடத்தில் அவர் நோயுற்று, காட்டோரத்தில் கட்டி முடியாத ஒரு வீட்டில் படுத்துக் கிடந்ததாகவும், அதனால்தான் ‘வனாந்தரத்தில் புனித யோவான்’ என்ற பெயர் வந்ததாகவும் ஊரில் சொல்வார்கள். 1846-இல் அடிக்கல் நாட்டப்பட்டது. வேலை முழுதும் முடியாமலே 1848-இல் வழிபாடு தொடங்கிவிட்டது. கல்கத்தாவில் செயின்ட் பால் பேராலயம் எழுந்துகொண்டிருந்ததும் ஏறக்குறைய இதே காலத்தில், இதே பிஷப்பின் முயற்சியால்தான். அந்தப் பிரம்மாண்டத்தின் சாயல் எதுவும் இங்கே இல்லை. கூர்வளைவுச் சன்னல்கள், வண்ணக் கண்ணாடி, மரக்கூரை, அவ்வளவே. மலைக்கு அதுதான் பொருத்தம்.

உள்ளே, ஒரு மண்சரிவில் மாண்டவர்களின் நினைவாக ஒரு பித்தளைப் பலகை இருக்கிறது. வருபவர்கள் அதன் முன் சற்று நேரம் நிற்க வேண்டும்.

1880 செப்டம்பர் 16-ஆம் தேதி மழை பிடித்தது. 18-ஆம் தேதி, சனிக்கிழமை காலை, விக்டோரியா ஹோட்டலின் பின்புறச் சரிவு இடிந்து சிலரைப் புதைத்தது. சிப்பாய்களும் அதிகாரிகளும் ஓடி வந்து மண்ணைத் தோண்டினார்கள். அவர்கள் தோண்டிக்கொண்டிருந்தபோதே, பிற்பகலில், ஷேர்-கா-டாண்டா மலையின் பெரும்பகுதி பெயர்ந்து விழுந்தது. ஹோட்டலும் ஏரிக்கரையிலிருந்த நைனா தேவி கோயிலும் பொதுமன்றக் கட்டடமும் சில நொடிகளில் அழிந்தன. 151 பேர் இறந்தார்கள். அவர்களில் 108 பேர் இந்தியர்கள். இறந்தோரில் பலர் பிறரை மீட்கப் போனவர்களே என்பதுதான் நெஞ்சை அறுக்கிறது. மண்சரிவின் பாதையிலிருந்து விலகி நின்றதால் தேவாலயம் தப்பியது. மாண்டவர்களின் நினைவு அதன் பொறுப்பானது.

 

சரிந்த மண் ஏரியின் வடகரையில் பரவியது. இன்று கிரிக்கெட்டும் திருவிழாவும் நடக்கும் ‘ஃபிளாட்ஸ்’ மைதானம் அந்த மண்ணால் விரிந்ததுதான். மழைநீர் மலைக்குள் ஊறிச் சரிவைப் பெயர்க்காமல் நேரே ஏரிக்கு இறங்கும்படி, ஊர் முழுக்கக் கல் கால்வாய்கள் வெட்டினார்கள். ‘நாலா’ என்று ஊரார் அழைக்கும் இவற்றையும் அந்தப் பலகையையும் சேர்த்தே பார்க்க வேண்டும். இரண்டும் ஒரே பேரிடரின் சாட்சிகள்.

இந்திய விடுதலைக்குப் பின் பல சபைகள் ஒன்றாகி 1970-இல் வட இந்தியத் திருச்சபை உருவானது. இந்த ஆங்கிலிக்கன் தேவாலயமும் அதில் சேர்ந்தது. கட்டடத்தைக் கவனிக்க ஒரு சபை இருக்கிறது. கால்வாய்களின் நிலை அப்படியில்லை. நைனிதாலைக் காக்கக் கோரிய வழக்கில் 1995-இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுகளில், கால்வாய்களின் மேல் கட்டுமானப் பொருள்களைக் குவிக்கக் கூடாது என்பதும் ஒன்று.