வினேஷிடம் தோற்ற அந்த உக்ரைன் பெண்

வினேஷ் போகத்தின் 100 கிராம் நம் எல்லோருக்கும் மனப்பாடம். திருப்பூரில் நாம தைக்கிற ஒரு டி-சர்ட்டே அதற்கு மேல் எடை நிற்கும். ஆனால் அதே கதையில் இருந்த ஒக்சானா லிவாச்சை எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கும்?

2024 பாரிஸ் ஒலிம்பிக், 50 கிலோ ஃப்ரீஸ்டைல் மல்யுத்தம். சர்வதேச அரங்கில் அதுவரை தோற்றே பழக்கமில்லாத ஜப்பானின் யுய் சுசாகியை 3-2 என்று சாய்த்துவிட்டு வந்த வினேஷ், காலிறுதியில் உக்ரைனின் லிவாச்சை 7-5 என்று வென்றார். மறுநாள் காலை அந்த 100 கிராம் எடை கூடி வினேஷ் தகுதியிழந்ததும் எல்லாம் தலைகீழ். அரையிறுதியில் வினேஷிடம் தோற்ற கியூபாவின் குஸ்மான் இறுதிக்குப் போனார். சுசாகியும் லிவாச்சும் வெண்கலத்துக்கு மோதினார்கள். சுசாகி 10-0.

டோக்கியோவிலும் வெண்கலப் போட்டி வரை வந்துதான் லிவாச் தோற்றார், அமெரிக்காவின் சாரா ஹில்டிபிராண்டிடம். பாரிஸில் தங்கம் அதே சாராவுக்கு! (விதிக்குக் கொஞ்சம்கூட இரக்கம் கிடையாது.)

இத்தனைக்கும் ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தத்தின் முதல் தங்கமே உக்ரைனுக்குத்தான். 2004 ஏதென்ஸில் இரினா மெர்லெனி வென்றது.

ஊரில் போர் நடக்கும்போது பயிற்சி எடுத்து, இரண்டாவது ஒலிம்பிக்கிலும் பதக்கத்துக்கு ஒரு படி கீழே நிற்பதைத் தோல்வி என்று நான் சொல்லமாட்டேன். அந்தக் காலிறுதியை ஒருமுறை தேடிப் பாருங்கள், இந்தத் தடவை லிவாச்சுக்காக.