பூச்சியம் உப்பு

தலவிலயில அன்னம்மாள் கோயிலுக்குக் கிட்ட நாங்கள் தங்கியிருந்த வீட்டு அக்கா, எங்கட லப்டொப்பை எட்டிப் பார்த்துச் சிரிச்சா. "தம்பி, எங்கட கிணத்துல உப்பே இல்லையாமா? நாங்க அதுல பாத்திரம் மட்டும்தான் கழுவுறம்."

திரையில் பூச்சியம்.

ஒரு பக்கம் கடல், மறுபக்கம் புத்தளம் களப்பு, நடுவில மணல். இங்கத்தைய கிணறுகளின் உப்பை அளந்து அறிக்கை எழுதுறதுதான் புவியியல் மாணவர்களான எங்கட வேலை. கையில ஒரு ஆர்டுயினோ ஊனோ பலகை, ஒரு சென்சர், நாங்களே சி ப்ளஸ் ப்ளஸ்ஸில் எழுதிய சின்ன லைப்ரரி.

சென்சர் பதில் தராவிட்டால் லைப்ரரி ஒரு எக்செப்ஷனை எறியும். லப்டொப்பில் சோதித்தபோது சரியாக வேலை செய்தது. ஊனோவுக்கு மாற்றியதும் கொம்பைலர் மறுத்தது: எக்செப்ஷன் வசதி அணைக்கப்பட்டிருக்காம். 32 கிலோபைட் பலகையில் அந்தச் செலவு கட்டாது. லப்டொப்பிலும் ஜிசிசி, இங்கேயும் ஜிசிசி. அதனால கொம்பைலரின் பெயரைப் பார்த்துத் தீர்மானிக்கேலாது; 'சிபிபி எக்செப்ஷன்ஸ்' என்ற மேக்ரோ இருக்கா என்றுதான் பார்க்க வேணும். அதைக் கண்டுபிடிச்சதும் பெரிய சந்தோஷம். மேக்ரோ இருந்தா எறி, இல்லாட்டி... இல்லாட்டி என்ன? இரவு பதினொன்றரை. 'பூச்சியத்தைத் திருப்பி அனுப்பு' என்று எழுதிட்டுப் படுத்துட்டம்.

உப்பை அளக்கும் வேலையில் பூச்சியம் என்றால் ஆகச்சிறந்த தண்ணீர். அக்கா சிரிக்காவிட்டால் அது அப்படியே அறிக்கைக்குள் போயிருக்கும்.

பிறகு தேடிப் பார்த்தோம். நீல்ஸ் லோமனின் ஜேசன் லைப்ரரி இதே மேக்ரோவைப் பார்க்கிறது. எக்செப்ஷன் வசதி இல்லையென்றால் புரோகிராமையே நிறுத்திவிடுகிறது. பூஸ்ட், அந்த நேரத்தில் என்ன செய்வதென்ற ஃபங்ஷனைப் பாவிப்பவரையே எழுதச் சொல்கிறது. ஆனால் அது திரும்பி வரக்கூடாது. முதல் வாசிப்பில் முரட்டுத்தனமாத்தான் பட்டது.

ஏரியான் 5 ராக்கெட்டின் கதையையும் அன்றைக்குத்தான் வாசித்தோம். 1996 ஜூன் 4, முதல் பறப்பு. 64 பிட் எண்ணொன்று 16 பிட்டுக்குள் அடங்காமல் எழுந்த எக்செப்ஷனை யாரும் பிடிக்கவில்லை. திசையறியும் கணினி நின்றுபோனது. அது அனுப்பிய பிழைக்குறிப்பை முதன்மைக் கணினி பறப்புத் தரவு என்று வாசித்தது. ஒரு நிமிடத்துக்குள் ராக்கெட் சிதறியது. எங்கட பூச்சியமும் அந்த இனம்தான், நல்லவேளை கிணத்தோட நின்றது.

ஊனோ நின்றுவிட்டால் மற்றக் கிணறுகளை அளக்கேலாது. அதனால லைப்ரரி இப்ப அளவைத் தனியாகவும், அளவு கிடைச்சதா இல்லையா என்பதைத் தனியாகவும் தருது. அக்காட கிணத்துக்கு 'பதில் இல்லை' என்று வந்தது. பார்த்தால் சென்சர் வயர் கழன்று கிடக்குது. பூட்டினதும் எண் வந்தது. அக்காவுக்குக் காட்டினோம்.

"இதை நான் அப்பவே சொன்னேனே," என்றா.