தட்டை வைத்து மூடு!

ஜெல் மெழுகுக்கு ‘மெழுகு’ என்று பெயர் வைத்த மகானுபாவர் யாரோ, அவரைப் பார்த்தால் இரண்டு வார்த்தை கேட்க வேண்டும் என்று இருக்கிறேன். அதில் மெழுகே கிடையாது, நேயர்களே! நூறு பங்கில் சுமார் 95 பங்கு எண்ணெய். பூமியிலிருந்து எடுக்கும் கச்சா எண்ணெயைச் சுத்தி செய்து, நிறமும் வாசனையும் போக்கி எடுத்த எண்ணெய். குழந்தைகளுக்குத் தடவும் பேபி ஆயில் இருக்கிறதே, அதுவும் இந்த ஜாதிதான். மிச்சம் உள்ளது ரப்பர் இனத்தைச் சேர்ந்த ஒரு பாலிமர். பாலில் கடற்பாசியைக் காய்ச்சி விட்டால் பால் உறைந்து நிற்கிறதல்லவா? அந்த மாதிரி இது எண்ணெயை ஓடவிடாமல் பிடித்து வைத்துக் கொள்கிறது. அதனால்தான் கண்ணாடி போல் தெளிவாக இருக்கிறது. விரலால் தொட்டால் தளதளவென்று ஆடுகிறது. பெயரைக் கேட்டு, “மெழுகுதானே!” என்று நான் அசட்டையாக இருந்துவிட்டேன். அதனால் பட்ட பாட்டைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் தகப்பனார் காலமாகி இரண்டு வருஷம் ஆகிறது. வருஷம் தவறாமல் திருச்செந்தூர் போவார். தரிசனம் ஆனதும் கடற்கரையில் குனிந்து குனிந்து சின்னச் சங்கும் சிப்பியுமாகப் பொறுக்குவார். “இது என்ன, குழந்தை மாதிரி!” என்று அம்மா சலித்துக் கொள்வாள். அப்படிச் சேர்ந்தவை மணலோடு ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில் நிறைய இருந்தன. அவர் போன பிறகு அந்தப் பாட்டிலைப் பரணில் போட எனக்கு மனம் வரவில்லை. வெளியே வைத்தாலோ, அம்மா அதைப் பார்த்துக் கொண்டே உட்கார்ந்து விடுகிறாள்.

இந்தச் சமயத்தில்தான் ஒரு சிநேகிதி வீட்டுக் கொலுவில் ஜெல் விளக்கு ஒன்றைப் பார்த்தேன். கண்ணாடித் தம்ளரின் அடியில் மணல், அதன்மேல் சிப்பிகள், மேலே இளநீலமாய் ஜெல். சமுத்திரத்தில் ஒரு கை அள்ளித் தம்ளரில் ஊற்றினாற்போல் இருந்தது. அப்பாவின் சங்குகளுக்கு இடம் கிடைத்துவிட்டது என்று அப்போதே தீர்மானித்து விட்டேன்.

“இன்வெர்ட்டர் வாங்கி ஆறு மாசம்தான் ஆகிறது. அதற்குள் மெழுகுவர்த்தி எதற்கு?” என்றார் என் கணவர். அவருக்கு எல்லாம் கணக்கு.

கூரியரில் ஒரு கிலோ ஜெல்லும், திரிகளும், ஓர் உஷ்ணமானியும் வந்து சேர்ந்தன. உஷ்ணமானியை அலமாரியில் வைத்துவிட்டேன். முப்பது வருஷமாய்ச் சமைக்கிறவளுக்கு உஷ்ணமானி எதற்கு? முதல் பிசகு அதுதான்.

இரண்டாவது பிசகு, பழைய பால் குக்கரை எடுத்தது. பால் பொங்காமல் காய்ச்சுகிற பாத்திரத்தில் ஜெல்லும் பத்திரமாக உருகும் என்று நினைத்தேன். வெந்நீரின் சூடு 100 டிகிரிக்குமேல் ஏறாது. உள்ளே இருக்கிற சரக்குக்கு அதுவும் முழுசாய்ப் போய்ச் சேராது. ஜெல் நீர்த்து ஓட 95 முதல் 105 டிகிரி வரை வேண்டும். அரை மணி கிளறியும் அல்வாப் பதத்தைத் தாண்டவில்லை. அதைத் தம்ளரில் வழித்துப் போட்டேன். உள்ளே ஒரே குமிழி! சமுத்திரமா அது? சோடா!

நல்ல வேளை, ஜெல்லைத் திரும்ப உருக்கலாம். மறுநாள் அதையே துண்டு போட்டு, அடி கனத்த பாத்திரத்தில் நேரே அடுப்பில் ஏற்றினேன். கொஞ்ச நேரத்தில் நீர்த்து வந்தது. என்ன சந்தோஷம் எனக்கு! அந்த நேரம் பார்த்து டெலிபோன் மணி அடித்தது. நாத்தனார். அவளுடைய பெண்ணுக்கு வரன் வந்த சமாசாரம். இரண்டு நிமிஷத்தில் முடிகிற விஷயமா அது?

புகை வாசனை வந்த பிறகுதான் அடுப்பு ஞாபகம் வந்தது. ஓடினேன். பாத்திரத்திலிருந்து வெண்புகை கிளம்பிக் கொண்டிருந்தது. கிளறியபோது வெளிப்புறம் வழிந்திருந்த ஜெல்லில் தீப்பற்றி, நாக்கு விளிம்பு வரை எட்டிப் பார்த்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பக்கத்தில் இருந்த தண்ணீர்ச் செம்பைத் தூக்கினேன்.

“தண்ணி விடாதேடி!”

அம்மாவுக்கு அவ்வளவு பெரிய குரல் இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். முட்டுவலிக்காரி எப்படி வந்தாளோ! அடுப்பைத் திருகி அணைத்தாள். பெரிய எவர்சில்வர் தட்டை எடுத்துப் பாத்திரத்தின்மேல் கவிழ்த்தாள். மேடையில் எரிந்ததை ஈரச் சாக்கைப் பிழிந்து போட்டு அமுக்கினாள். எல்லாம் அரை நிமிஷம்.

“எண்ணெய்ச் சட்டி பற்றினால் தட்டை வைத்து மூடணும்னு தெரியாது? தீபாவளிக்கு எத்தனை வருஷம் பட்சணம் பண்ணியிருக்கே?” என்றாள்.

தெரியும். வடைச் சட்டியாக இருந்தால் எனக்கும் தெரிந்திருக்கும். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்தால் நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயை முகத்திலேயே வாரி அடிக்கும். ஆனால் நான் உருக்கியது ‘மெழுகு’ ஆயிற்றே! அந்தப் பெயரில்தான் ஏமாந்தேன். மூடிய தட்டை அன்று சாயங்காலம் வரை யாரும் திறக்கவில்லை.

ஒரு வாரம் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பிறகு அம்மாதான், “அந்தக் கண்ணாடி மெழுகு என்னாச்சு?” என்று கேட்டாள்.

மூன்றாம் தடவை அலமாரியிலிருந்து உஷ்ணமானி இறங்கி வந்தது. டெலிபோன் கூடத்துக்குப் போயிற்று. கனமான கண்ணாடித் தம்ளராகப் பார்த்து எடுத்தேன். மெல்லிசு ஆகாது, சூட்டில் விரிந்துவிடும். அதை வெந்நீரில் வைத்துச் சூடாக்கி, ஒரு பொட்டு ஈரமில்லாமல் துடைத்தேன். குளிர்ந்த தம்ளரில் ஊற்றினால் ஜெல் சட்டென்று உறைந்து காற்றை உள்ளே சிறைப்படுத்திவிடும். திரி, நடுவே துத்தநாகக் கம்பி ஓடுகிற திரி. நம் விளக்குப் பஞ்சுத் திரி ஜெல்லில் நிற்காமல் சாய்ந்துவிடும். சாதாரண மெழுகு தோய்த்த திரியும் உதவாது. அந்த மெழுகு கரைந்து ஜெல்லைக் கலக்கிவிடும்.

வாசனைக்கு என்று அம்மா தன் மல்லிகை செண்ட்டை நீட்டினாள். வேண்டாம் என்று சொல்ல மனசு கஷ்டப்பட்டது, ஆனாலும் சொல்லிவிட்டேன். எண்ணெயோடு கரையாத வாசனை ஜெல்லுக்குள் தனித்தனியாய்த் தங்கித் திடீரென்று பற்றிக் கொள்ளும். ஜெல்லுக்கென்றே விற்கிற வாசனைத் தைலம் வேண்டும்; அதுவும் நூறு கிராமுக்கு மூன்று கிராம் போதும். உலர்ந்த பூ, பிளாஸ்டிக் பொம்மை எதையும் உள்ளே வைக்கக் கூடாது. சங்கு, சிப்பி, கோலிக்குண்டு மாதிரி எரியாத பண்டம் வைக்கலாம், திரியை விட்டு அரை அங்குலமாவது தள்ளி.

சங்குகளில் ஒரு சூட்சுமம் உண்டு. அவற்றின் வயிற்றில் காற்று இருக்கும். அப்படியே வைத்தால் நாள் முழுக்கக் குமிழி விட்டுக் கொண்டிருக்கும். ஒவ்வொன்றையும் இடுக்கியால் பிடித்து உருகிய ஜெல்லில் முக்கிக் காற்றைப் போக்கி எடுத்து, மணலின்மேல் வைத்தேன். எதை எங்கே வைப்பது என்று அம்மா சொல்லிக் கொண்டே வந்தாள். “அந்தப் பெரிசு அவர் வழுக்கி விழுந்தாரே, அன்னிக்கு எடுத்தது.” பிறகு, பாகு ஊற்றுகிற மாதிரி தம்ளரின் ஓரமாய் மெள்ள ஊற்றினேன். விடிந்து பார்த்தால், அடியில் இரண்டே இரண்டு குமிழி. சமுத்திரத்தில் அது கூடவா இருக்காது?

செய்தேனே தவிர, ஏற்ற மனசு வரவில்லை. கூடத்து அலமாரியில் நாலு மாசம் அப்படியே இருந்தது.

ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் சாயங்காலம் மின்சாரம் போயிற்று. சற்று நேரத்தில் இன்வெர்ட்டரும் கீச்சென்று கத்திவிட்டு ஓய்ந்தது. (என் கணவர் அன்று ரொம்ப மௌனமாக இருந்தார்.) நான் சமையலறையில் டார்ச்சைத் தேடிக் கொண்டிருந்தேன். திரும்பினால் கூடத்தில் வெளிச்சம். அம்மா திரியைக் கால் அங்குலத்துக்கு நறுக்கி, ஏற்றி, எதிரே உட்கார்ந்திருந்தாள். வெளிச்சம் ஜெல் முழுவதும் இறங்கிச் சங்குகள்மேல் விழுந்தது. “ஏற்றுவதற்குத்தானே பண்ணினே?” என்றாள். ஒரு மணி நேரம் நாங்கள் மூன்று பேரும் திருச்செந்தூரைப் பற்றியே பேசிக் கொண்டிருந்தோம்.

மின்சாரம் வந்ததும் குனிந்து ஊதப் போனேன்.

“விளக்கை வாயால் ஊதாதே” என்று தடுத்தாள் அம்மா. சின்ன எவர்சில்வர் தட்டு ஒன்றை எடுத்து வந்து தம்ளரின்மேல் வைத்தாள். சுடர் குறுகி, அமர்ந்தது.

“பாட்டிலில் இன்னும் பாதிச் சங்கு இருக்கே. இன்னொன்று பண்ணேன்” என்றாள்.