மண்டபத் திரையில் சுத்தப் போறது என்ன?



வர்ற ஞாயிறு நம்ம ஆலய மண்டபத்தில் ரத்த தான முகாம். அன்னதான வரிசைக்குப் பக்கத்துல இருக்கிற பெரிய திரையில் ஒண்ணு சுத்திக்கிட்டே இருக்கும். சோதனைக்கு ஓட்டிப் பார்த்தப்பவே, "தம்பி, அது என்ன, பூமாலையா?"ன்னு ரெண்டு அக்காமார் கேட்டாங்க. அதான் முன்கூட்டியே சொல்லிடறேன்.

அது ஹீமோகுளோபின். நம்ம ரத்தத்தைச் சிவப்பாக்குற புரதம். ஒரே ஒரு சிவப்பணுவுக்குள்ள சுமார் 27 கோடி இருக்கு.

நம்ம தேவார வகுப்புக்கு வர்ற ஒரு பிள்ளைக்கு பீட்டா தலசீமியா. நாலு வாரத்துக்கு ஒரு தடவை ரத்தம் ஏத்தணும். அவங்க அம்மா அனுமதியோடதான் இதை எழுதுறேன். ஊசியை விட அவங்களை வாட்டுறது, "என்ன பாவம் பண்ணீங்களோ"ன்னு சிலர் கேக்குறதுதான். அதுக்கு வாயால பதில் சொல்லி எனக்கு அலுத்துப் போச்சு. படமா காட்டிடலாம்னு உட்கார்ந்தேன்.

பைமால்னு ஒரு மென்பொருள். இலவசப் பதிப்பும் இருக்கு. விஞ்ஞானிகள் 1984ல் பதிவு செஞ்ச ஹீமோகுளோபின் வடிவம், புரதத் தரவு வங்கியில 4ஹெச்ஹெச்பி என்ற குறியீட்டில் யாருக்கும் கிடைக்கும். சுட்டியால இழுத்து இழுத்துச் சுத்தினா ஆட்டம் காணும். அதனால சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன்: வடிவத்தை இறக்கு, தண்ணீர் மூலக்கூறுகளை நீக்கு, ரெண்டு ஆல்ஃபா சங்கிலிக்குச் சந்தன நிறம், ரெண்டு பீட்டாவுக்குக் குங்குமச் சிவப்பு, நாலு இரும்பணுவையும் உருண்டையாக் காட்டு. அப்புறம் ஒரு ஃபிரேமுக்கு ஒரு டிகிரி திருப்பு. 360 ஃபிரேம், ஒரு சுத்து. 359வது டிகிரியில நிறுத்தினாதான் அடுத்த சுத்து துள்ளாம சேரும். (திருப்புற எண்ணுக்கு முன்னாடி கழித்தல் குறி போட்டா திசை மாறிடும். வலமாத்தான் சுத்துது, கவலை வேண்டாம் 😄)

ரெண்டாவது சுத்துதான் முக்கியம். அதுல சிவப்புச் சங்கிலிகள் கொஞ்சம் கொஞ்சமா மங்கும். மொத்தம் 720 ஃபிரேம். ஒவ்வொண்ணையும் வரைய என் பழைய மடிக்கணினிக்கு 20 விநாடி, ஆக நாலு மணி நேரம் ஓடுச்சு.

நிஜத்துல சங்கிலி இப்படி மங்கிப் போறதில்ல. பீட்டாவைச் செய்யச் சொல்ற மரபணுவுல கோளாறு இருந்தா அது போதிய அளவு உருவாகாது. ஜோடி கிடைக்காத ஆல்ஃபா கட்டியாச் சேர்ந்து சிவப்பணுவையே கெடுத்துடும். அந்த மரபணுவுல ஒண்ணு மட்டும் கோளாறா இருக்கிறவங்க நல்லாத்தான் இருப்பாங்க, அவங்களுக்கே தெரியாது. அப்பா அம்மா ரெண்டு பேரும் அப்படி இருந்தா, ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலுல ஒரு பங்கு வாய்ப்பு. இதுல பாவம் எங்க வருது?

கல்யாணத்துக்கு மண்டபம் பதிவு பண்ண வர்றவங்ககிட்டயும் இந்தப் படத்தைக் காட்டலாம்னு நினைக்கிறேன். ஜாதகம் பார்க்கிற நேரத்துல ஒரு ரத்தப் பரிசோதனையும் பண்ணிடலாம். சில பெரியவங்களுக்குப் பிடிக்காது, தெரியும்.

ஞாயிறு வரும்போது அடையாள அட்டை எடுத்துக்கோங்க. காலையில நல்லா சாப்பிட்டு வாங்க, விரதம் இருந்துட்டு ரத்தம் கொடுக்க வேண்டாம். அந்தப் பிள்ளையும் வருவான், வாசல்ல தண்ணி பாட்டில் கொடுக்கிற வேலை அவனுக்கு.