முனீஸ்வரன் கோயில் தெரு லட்சுமி

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. எனாமல் தூக்குவாளி, பீங்கான் ஜாடி, பர்மா தேக்குத் தூண், பெல்ஜியம் கண்ணாடி என்று வாசல்வரை அடைத்துக் கிடக்கின்றன. பாதிக்கு மேல் கப்பலில் வந்த சாமான்கள். ரங்கூன், பினாங்கு, சைகோன் என்று கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து தொழில் செய்யப் போன நகரத்தார் வாங்கி அனுப்பியவை. அந்தத் துறைமுகங்களில் ஒன்றையாவது எண்ணெய் வண்ணத்தில் தீட்டிய படம் கிடைக்குமா என்று தேடித்தான் போனேன். நான் ஏறி இறங்கிய கடைகளில் இல்லை. எல்லாம் சாமி படங்கள்.

ஒரு கடையின் உள்சுவரில் ரவிவர்மா லட்சுமி. தாமரை மேல் நிற்கிறாள். பக்கத்தில் துதிக்கையில் மாலை ஏந்திய யானை. அச்சுப் படம்தான், ஆனால் சேலை அச்சு இல்லை. நிஜத் துணியை மடிப்புக்கு மடிப்பு வெட்டி ஒட்டி, கரைக்குச் சரிகை, நகைக்கு ஜிகினாவும் பொடிப் பாசிமணியும் வைத்திருக்கிறார்கள். சரிகை கறுத்துவிட்டது. முழங்காலுக்குக் கீழே துணி விழும் அழகைப் பார்க்க வேண்டும். ஓவியர் போட்ட கோட்டை விட்டு ஒரு நூல்கூட விலகவில்லை. பள்ளிக்கூடத்தில் வந்த தேர்ச்சியாக எனக்குத் தோன்றவில்லை. பார்த்துப் பார்த்துப் பழகிய கை.

மூலப் படத்தைத் தீட்டியவரும் எண்ணெய் வண்ணத்தைப் பார்த்தே பழகியவர். திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் மதுரை ராமசாமி நாயக்கர் அவருக்குச் சொல்லித்தர மறுத்துவிட்டார். நாயக்கரின் சீடர் ஆறுமுகம் பிள்ளை ரகசியமாக உதவினார் என்பார்கள். 1868-இல் தியோடர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியர் அரண்மனைக்கு வந்தபோது, அவர் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்க்க மட்டும் ரவிவர்மாவுக்கு அனுமதி கிடைத்தது. 1894-இல் பம்பாயில் அவர் அச்சகம் தொடங்க, ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது. ஒவ்வொரு வண்ணத்துக்கும் தனித்தனிக் கல்லில் படம் எழுதி, ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடித்தார்கள். அரண்மனைச் சுவரில் இருந்த லட்சுமி அப்படித்தான் செட்டிநாட்டு வளவுக்குள் வந்தாள்.

கடைக்காரரிடம் எந்த ஊர், எந்த வீட்டுப் படம் என்று கேட்டேன்.

"அது எப்படிண்ணே சொல்றது? நாலு கை மாறி வந்துச்சு. செட்டியார் வீட்டுச் சரக்கு, அவ்வளவுதாண்ணே தெரியும்."

ரவிவர்மாவைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதிவிட்டார்கள். அவர் படத்துக்குச் சேலை கட்டியவர் யார் என்று சொல்ல ஒரு வரி இல்லை. இது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது. அந்தப் பெயர் காணாமல் போவது படம் சுவரிலிருந்து இறங்கும் அன்றுதான்.

விற்பதைக் குறை சொல்ல மாட்டேன். பங்காளிகள் ஊர் ஊராகப் பிரிந்திருக்கும்போது, பூட்டிய வீட்டில் கரையான் அரிப்பதைவிட விற்பது மேல். ஆனால் வீட்டுக்காரர்களுக்கு ஒரு வேண்டுகோள். படத்தை இறக்குமுன் மாட்டியிருந்த இடத்தோடு செல்போனில் ஒரு போட்டோ எடுங்கள். சட்டத்தின் பின்பக்கம் ஊர், வீட்டு விலாசம், சேலை கட்டியவர் பெயர் இவற்றைப் பென்சிலால் எழுதுங்கள். பெயர் தெரியாவிட்டால், வீட்டில் வயதான ஆச்சி இருக்கும்போதே கேட்டு எழுதிவிடுங்கள்.